கூடுதல் பணம் கேட்கும் புத்தகம்: மத்திய அரசின் துணை மானியக் கோரிக்கை ஆவணம் எப்படி இருக்கிறது?

பிப்ரவரி 1-ஆம் தேதி பட்ஜெட்டை நாடே தொலைக்காட்சி முன் உட்கார்ந்து பார்க்கிறது. அதே அரசு, அதே ஆண்டுக்கு, "வாங்கிய தொகை போதவில்லை, இன்னும் வேண்டும்" என்று டிசம்பரிலும் மார்ச்சிலும் நாடாளுமன்றத்தில் வைக்கும் புத்தகத்தைப் பிரித்துப் பார்ப்பவர்கள் வெகு சிலர். 'துணை மானியக் கோரிக்கைகள்' என்ற அந்தப் புத்தகம்தான் இந்த மதிப்புரைக்கு எடுத்துக்கொண்ட சரக்கு. விலை கிடையாது. நிதி அமைச்சகத்தின் பொருளாதார விவகாரத் துறை இணையதளத்தில் பட்ஜெட் பிரிவுக்குள் போனால் பிடிஎஃப் கிடைக்கும். ஆங்கிலமும் இந்தியும்தான், தமிழில் வருவதில்லை.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். எவ்வளவு கேட்கிறார்கள், எந்தத் தலைப்பில் கேட்கிறார்கள் என்பதில் இந்த ஆவணம் நேர்மையானது. பணம் எங்கே மிஞ்சியது, முதலில் போட்ட கணக்கு ஏன் தப்பியது என்று சொல்வதில் படு கருமி. ஐந்துக்கு மூன்று கொடுக்கலாம். அந்த மூன்றும் படிக்கத் தெரிந்தவர் கையில் கிடைத்தால்தான். தெரியாமல் புரட்டினால் தலைப்புச் செய்தியில் வரும் தப்பான எண்ணோடுதான் வெளியே வருவோம்.

இது எதற்கு என்று தெரிந்துகொண்டால் படிப்பது சுலபம். அரசின் வரவெல்லாம் சேரும் இந்தியத் தொகுப்பு நிதியிலிருந்து ஒரு ரூபாய் எடுப்பதானாலும் சட்டத்தின்படிதான் எடுக்க வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 266-ஆவது பிரிவு. அந்த ஆண்டுக்கு நிறைவேற்றிய நிதி ஒதுக்கச் சட்டத்தில் எழுதிய தொகையை எந்தத் துறையும் தாண்டக் கூடாது. தாண்டவேண்டி வந்தால், 115-ஆவது பிரிவு இரண்டு காரணங்களை ஒப்புக்கொள்கிறது: வாங்கிய தொகை போதாமல் போவது ஒன்று, பட்ஜெட் போட்டபோது கணக்கிலேயே இல்லாத புதுப் பணி ஒன்று வந்து சேர்வது மற்றொன்று. நடைமுறை பட்ஜெட்டுக்கு உள்ளதேதான். குடியரசுத் தலைவரின் பரிந்துரை, மக்களவையில் கோரிக்கை, வாக்கெடுப்பு, அதன் பிறகு நிதி ஒதுக்க மசோதா. மாநிலங்களவை 14 நாளுக்குள் மசோதாவைத் திருப்பி அனுப்பியாக வேண்டும். அது சொல்லும் பரிந்துரையை ஏற்பதும் தள்ளுவதும் மக்களவை கையில். குடியரசுத் தலைவர் கையெழுத்திட்ட பிறகுதான் துறை அந்தக் கூடுதல் பணத்தில் கை வைக்கலாம்.

எந்தத் துறையும் நினைத்தபடி இந்தப் புத்தகத்துக்குள் நுழைந்துவிட முடியாது. ஒவ்வொரு சுற்றுக்கும் முன்பு நிதி அமைச்சகத்தின் பட்ஜெட் பிரிவு அமைச்சகங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பும். எதிர்பாராச் செலவு நிதியிலிருந்து (அவசரத்துக்கென்று வைத்திருக்கும் தனி நிதி) முன்பணம் வாங்கியிருந்தால் அதை ஈடுகட்ட, நீதிமன்ற உத்தரவுப்படி பணம் கட்ட, அல்லது 'துணைக் கோரிக்கையில் கொண்டு வாருங்கள்' என்று நிதி அமைச்சகமே ஏற்கெனவே சொல்லியிருந்தால் — இவைதான் வழக்கமான தகுதிகள். கூடவே ஒரு நிபந்தனை: வெளியே கை நீட்டும் முன், சொந்த மானியத்துக்குள் (அந்தத் துறைக்கு நாடாளுமன்றம் அனுமதித்த தொகைக்குள்) என்ன மிஞ்சும் என்று முதலில் தேடிப் பார்க்க வேண்டும். அமைச்சகத்தின் நிதி ஆலோசகர் அந்தத் தேடலைச் செய்து, அதற்குப் பிறகுதான் முன்மொழிவை அனுப்புவார். புத்தகத்தின் பெரும்பகுதி 'சேமிப்பிலிருந்து' என்ற சொல்லால் நிரம்பியிருப்பது இதனால்தான்.

முன்பெல்லாம் மழைக்காலக் கூட்டத்தொடர், குளிர்காலக் கூட்டத்தொடர், பட்ஜெட் கூட்டத்தொடர் என்று ஆண்டுக்கு மூன்று சுற்று வருவது சாதாரணம். இப்போது பெரும்பாலும் இரண்டே சுற்று. 2024-25-இல் முதல் சுற்று டிசம்பரிலும் இரண்டாவது மார்ச்சிலும் வந்தன.

இனி முதல் பக்கம். வேறு எதையும் படிக்காவிட்டாலும் இந்த அறிமுகக் குறிப்பைப் படித்தே ஆகவேண்டும். அதில் மூன்று எண்கள் வரும். மொத்தக் கூடுதல் செலவு முதல் எண். அதில் உண்மையிலேயே கஜானாவிலிருந்து புதிதாக வெளியேறப்போகும் நிகர ரொக்கம் இரண்டாவது. அமைச்சகங்களின் சேமிப்பாலோ கூடுதல் வரவாலோ ஈடுகட்டப்படுவது மூன்றாவது. இவற்றுக்குப் பின்னால், ஓர் இனத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வீதம் அடையாளத் தொகையாகச் சில லட்சங்கள் என்று ஒரு சின்ன வாக்கியம் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பற்றிப் பின்னால்.

முதல் எண்ணுக்கும் இரண்டாவதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். 2025 மார்ச் சுற்றில் மொத்தம் சுமார் 6.78 லட்சம் கோடி ரூபாய். நிகர ரொக்கம் 51,462 கோடிதான். மீதி 6.27 லட்சம் கோடி சேமிப்பாலும் கூடுதல் வரவாலும் சரிக்கட்டப்பட்டது. 'அரசு மேலும் 6.78 லட்சம் கோடி செலவு செய்ய அனுமதி கேட்கிறது' என்று தலைப்புப் போட்டால் சட்டப்படி தப்பு இல்லை, பொருளாதாரப்படி அபத்தம். 2021 ஜூலைச் சுற்றும் இதே கதைதான். மொத்தம் 1.87 லட்சம் கோடி, நிகர ரொக்கம் 23,675 கோடி. வித்தியாசத்தின் பெரும்பகுதி ஒரே இனம்: ஜிஎஸ்டி இழப்பீட்டுப் பற்றாக்குறைக்குப் பதிலாக மத்திய அரசு கடன் வாங்கி அப்படியே மாநிலங்களுக்குக் கடனாகக் கைமாற்றிய 1.59 லட்சம் கோடி. பணம் ஒரு கையில் வந்து மறு கையில் போகிறது. ஆனாலும் தொகுப்பு நிதிக்குள் நுழைந்து வெளியேறுவதால் நாடாளுமன்றத்தின் அனுமதி இல்லாமல் நகராது.

எதிர்த்திசையில் ஓர் எடுத்துக்காட்டு 2020 செப்டம்பர். கோவிட் ஆண்டு. மொத்தம் 2.36 லட்சம் கோடி, நிகர ரொக்கம் 1.67 லட்சம் கோடி. மொத்தத்தில் பத்தில் ஏழு பங்கு உண்மையான புதுப் பணம். நூறு நாள் வேலைக்கு 40,000 கோடி, பொதுத்துறை வங்கிகளின் மூலதனத்துக்கு 20,000 கோடி, மாநிலங்களுக்கான நிதிக் குழு மானியங்களுக்கு 46,602 கோடி என்று பெரிய பெரிய இனங்கள். நெருக்கடி ஆண்டையும் சாதாரண ஆண்டையும் பிரித்துப் பார்க்க இந்த விகிதம் ஒன்றே போதும். ஆனால் புத்தகம் இந்த விகிதத்தைக் கணக்குப் போட்டுத் தராது. நாம்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

சேமிப்பிலிருந்தே ஈடு செய்துகொள்வதற்கு ஏன் நாடாளுமன்றம் வரை வர வேண்டும்? இதில்தான் புதிதாகப் படிப்பவர்கள் தடுமாறுகிறார்கள். ஒரு துறையின் மானியம் ஒரே பை கிடையாது. அஞ்சறைப் பெட்டி மாதிரி உள்ளே தடுப்புகள் உண்டு. வருவாய்ச் செலவு, மூலதனச் செலவு என்று ஒரு பிரிவினை. மக்களவை வாக்களிக்கும் செலவு, வாக்கெடுப்பே இல்லாத செலவு என்று இன்னொரு பிரிவினை. ஆக நான்கு அறைகள். கடன் வட்டி, உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் ஊதியம், நீதிமன்றத் தீர்ப்புப்படி கட்டவேண்டிய தொகை போன்றவை வாக்கெடுப்பு இல்லாத அறையைச் சேர்ந்தவை. அவற்றைப் பற்றி விவாதிக்கலாம், வாக்களிக்க முடியாது. ஒரே அறைக்குள் ஒரு திட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் பணத்தை மாற்ற, விதிமுறைக்கு உட்பட்டு, அரசுக்கு அதிகாரம் உண்டு. அதற்கு மறுநிதி ஒதுக்கம் என்று பெயர். அறை விட்டு அறை தாண்டவோ, ஒரு மானியத்திலிருந்து மற்றொரு மானியத்துக்குக் கொண்டுபோகவோ அரசால் முடியாது. வருவாய்ப் பிரிவில் 500 கோடி சும்மா கிடந்தாலும், மூலதனப் பிரிவில் அதே துறைக்கு 500 கோடி தேவையானால் நாடாளுமன்றத்துக்குத்தான் வரவேண்டும். புத்தகத்தில் 'தொழில்நுட்ப' துணைக் கோரிக்கை என்று வருவது இதுதான். புதுப் பணம் ஒரு பைசா இல்லை; இடமாற்ற அனுமதி மட்டும்.

அடையாளத் தொகை இன்னும் விசித்திரம். ஒரே அறைக்குள் பணம் இருக்கிறது, மாற்றுவதற்கும் தடையில்லை, ஆனால் செலவு 'புதுப் பணி' அல்லது 'புதுத் துணைப்பணி' (ஏற்கெனவே நடக்கும் பணியின் பெரிய விரிவாக்கம்) வகையைச் சேர்ந்தது. நாடாளுமன்றம் கேள்விப்படாத ஒரு வேலைக்குச் சேமிப்பிருந்தாலும் சத்தமில்லாமல் செலவு செய்யக் கூடாது என்பது விதி. அதனால் ஒரு லட்சம் ரூபாயை மட்டும் கேட்டு வாக்கு வாங்குவார்கள். அந்த ஒரு லட்சத்தின் மறைவில் பல நூறு கோடி மறுநிதி ஒதுக்கத்துக்கு அனுமதி கிடைத்துவிடும். அவசரமாகப் புரட்டுபவர் கண்ணில் இது படவே படாது. தொகை சின்னதாக இருக்கிறதே என்று தாண்டிவிடுவார். எங்கள் பார்வையில் புத்தகத்திலேயே மிகவும் சுவையான வரிகள் இந்த ஒரு லட்ச ரூபாய் இனங்கள்தான். அரசு அந்த ஆண்டில் புதிதாக எதைத் தொடங்கியது, எந்த நிறுவனத்தில் முதலீடு செய்தது, எந்தத் திட்டத்தின் வடிவத்தை மாற்றியது என்பதெல்லாம் இங்கேதான் முதலில் தெரியும்.

ஆக மூன்று ரகம்: ரொக்கம், தொழில்நுட்பம், அடையாளம். எந்தக் கோரிக்கையைப் பார்த்தாலும் இது எந்த ரகம் என்று குறிப்பில் தேடிவிட்டுத்தான் தொகையைப் பார்க்க வேண்டும்.

உள் பக்கங்கள் பார்ப்பதற்கு வறட்சியானவை. கோரிக்கை எண், துறையின் பெயர், நான்கு இலக்கக் கணக்குத் தலைப்புகள், தொகை, கீழே சின்னக் குறிப்பு. அந்த நான்கு இலக்க எண்ணின் முதல் இலக்கம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. 2, 3-இல் தொடங்கினால் வருவாய்ச் செலவு. 4, 5 என்றால் மூலதனச் செலவு. 6, 7 என்றால் பெரும்பாலும் அரசு கொடுக்கும் கடன். 3601 மாநிலங்களுக்கான மானியம், 7601 மாநிலங்களுக்கான கடன். 'மாநிலங்களுக்கு இத்தனை ஆயிரம் கோடி' என்று அமைச்சர் அவையில் சொன்னால், எந்தத் தலைப்பில் போகிறது என்று பார்ப்பது ஐந்து நொடி வேலை. 3601-இல் போனால் திரும்பி வராத பணம். 7601-இல் போனால் என்றைக்கோ திருப்பிக் கட்டவேண்டியது. மேலே சொன்ன ஜிஎஸ்டி கைமாற்றுக் கடன் இரண்டாவது வகை.

ஒரு கோரிக்கையைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். உரத்துறை, கோரிக்கை எண் 6. 2022-23 பட்ஜெட்டில் உர மானியத்துக்கு ஒதுக்கியது 1,05,222 கோடி. உக்ரைன் போரால் இயற்கை எரிவாயு விலையும் உர விலையும் உலகச் சந்தையில் எகிறின. விவசாயி கடையில் கொடுக்கும் விலையோ அசையவில்லை. 45 கிலோ யூரியா மூட்டை, வேப்பெண்ணெய்ப் பூச்சும் வரியும் நீங்கலாக, அதே 242 ரூபாய். விற்பனை விலை நிலையாக நிற்கும்போது இறக்குமதியிலும் உற்பத்தியிலும் ஏறிய ஒவ்வொரு ரூபாயும் மானியத்தின் தலையில்தான் விழும். 2022 மே 21 அன்றே, பெட்ரோல், டீசல் கலால் வரியைக் குறைத்த அறிவிப்போடு சேர்த்து, உரத்துக்குக் கூடுதலாக 1.10 லட்சம் கோடி தருவோம் என்று நிதியமைச்சர் சொல்லிவிட்டார். நாடாளுமன்றத்தில் அந்தப் பணத்தைக் கேட்டது டிசம்பரில்: சுமார் 1.09 லட்சம் கோடி. அறிவிப்புக்கும் அனுமதிக்கும் நடுவே ஆறு மாதத்துக்கு மேல். அதுவரை வண்டி ஓடியது எப்படி என்றால், ஏற்கெனவே வாக்கு வாங்கிய 1.05 லட்சம் கோடி கையில் இருந்தது. ஆண்டின் முற்பாதிக்கு அது தாங்கியது. அதனால் சட்டமீறல் எதுவும் இல்லை. ஆனால் கேட்ட துணைத்தொகை மூலத்தொகையைவிடப் பெரியது. அதோடும் நிற்கவில்லை, மார்ச் சுற்றில் மேலும் 36,325 கோடி.

இப்படிப்பட்ட ஒரு கோரிக்கைக்குப் புத்தகம் தரும் விளக்கம் என்ன? யூரியா மானியம், ஊட்டச்சத்து அடிப்படையிலான மானியம் ஆகியவற்றின் கீழ் கூடுதல் செலவை ஈடுகட்ட என்ற மாதிரி ஒன்றிரண்டு வரி. ஒரு டன் யூரியா எந்த விலைக்கு இறக்குமதியானது, எத்தனை டன், பட்ஜெட் போட்டபோது எந்த விலையை அனுமானித்தார்கள் — ஒன்றும் கிடையாது. லட்சம் கோடி கேட்கும் காகிதத்தில் அரைப் பக்கக் கணக்குக்கூட இல்லாதது இந்த ஆவணத்தின் பெரிய குறை. ஒரு சின்னக் கடைக்காரர் வங்கியில் கடன் நீட்டிப்புக் கேட்டால் இதைவிட அதிகமாக எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

உரம் போர் தந்த அதிர்ச்சி என்று விட்டுவிடலாம். நூறு நாள் வேலைத் திட்டத்தை அப்படி விட முடியாது. 2022-23 பட்ஜெட்டில் 73,000 கோடி, டிசம்பரில் துணைக் கோரிக்கை 16,400 கோடி. அடுத்த ஆண்டு பட்ஜெட்டை 60,000 கோடியாகக் குறைத்தார்கள். 2023 டிசம்பரில் 14,524 கோடி திரும்பக் கேட்டார்கள். கேட்டவருக்கு வேலை கொடுத்தே ஆகவேண்டும் என்று 2005-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்ன திட்டம் இது. முந்தைய ஆண்டு ஆன செலவு நிதி அமைச்சகத்துக்குத் தெரியாததா? பிப்ரவரியில் எண்ணைச் சின்னதாக வைத்து நிதிப் பற்றாக்குறையை அழகாகக் காட்டிவிட்டு, குளிர்காலத்தில் வந்து மீதியை வாங்கிக்கொள்வது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டிருந்தது. நடுவே பாதிக்கப்பட்டது கூலி. ஒதுக்கீடு தீரும் மாதங்களில் கூலி பாக்கி விழும். துணைக் கோரிக்கை நிறைவேறிய பிறகு பாக்கி கரையும். புத்தகத்தில் பாக்கி எவ்வளவு என்ற எண் வராது.

2021 டிசம்பர் சுற்றையும் தேடிப் படிக்கலாம். மொத்தம் 3.73 லட்சம் கோடி, நிகர ரொக்கம் கிட்டத்தட்ட 2.99 லட்சம் கோடி. அதில் 62,057 கோடி ஏர் இந்தியா அசெட்ஸ் ஹோல்டிங் நிறுவனத்துக்கு. டாடா குழுமத்துக்கு ஏர் இந்தியாவை விற்றபோது வாங்கியவர் சுமக்காத கடனும் பாக்கியும் போய்ச் சேர்ந்த இடம் அந்த நிறுவனம். விமான நிறுவனத்தை விற்ற செய்தி அக்டோபரில் முதல் பக்கம். அதன் பழைய கடனுக்கு நாம் கட்டிய தொகை டிசம்பரில் ஒரு கோரிக்கைக்குள் ஒரு வரி. இப்படி வேறெங்கும் ஒரே எண்ணாகக் கிடைக்காத தகவல்கள் கிடைப்பதற்காகவே இந்தப் புத்தகத்துக்கு மதிப்பு உண்டு.

குறைகளில் முதலிடம் சேமிப்புக்கு. 'இந்த மானியத்தின் வருவாய்ப் பிரிவில் உள்ள சேமிப்பிலிருந்து ஈடுசெய்யப்படும்' என்ற அளவில் குறிப்பு நின்றுவிடுகிறது. எந்தத் திட்டத்தில் அந்தச் சேமிப்பு, பணம் ஏன் செலவாகவில்லை என்று வராது. சேமிப்பு என்ற சொல்லே கொஞ்சம் ஏமாற்றும். சிக்கனமாக நடத்தி மிச்சம் பிடித்ததும் சேமிப்புதான், தொடங்கவே தொடங்காத திட்டத்தின் ஒதுக்கீடும் சேமிப்புதான். இதைப் பிரித்தறிய, பிப்ரவரி 1-இல் வரும் திருத்திய மதிப்பீட்டை (நடப்பு ஆண்டின் செலவைச் சரிசெய்து போட்ட கணக்கு) எடுத்து, அந்தத் துறையின் ஒவ்வொரு திட்டத்துக்கும் பட்ஜெட் மதிப்பீட்டோடு ஒப்பிட வேண்டும். எங்கே குறைந்திருக்கிறதோ அங்கேதான் பணம் எடுத்திருக்கிறார்கள். டிசம்பர் சுற்றைப் படிக்கும்போது இந்த வசதியும் கிடையாது. இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். மார்ச் சுற்றை உடனே ஒப்பிடலாம், அதனால் படிக்க ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் மார்ச் சுற்றை எடுங்கள். எண்களை பிடிஎஃப்பிலிருந்து அட்டவணைக்கு மாற்றுவது வாசகர் பாடு. ஒவ்வொரு கோரிக்கையிலும் துணைத்தொகை, ரகம், கணக்குத் தலைப்பு, மூல ஒதுக்கீடு என்று நான்கு பத்தி போட்டுக்கொண்டால் ஓர் உட்காரலில் பெரிய துறைகளை முடித்துவிடலாம்.

புத்தகத்தின் தரம் ஒரு பக்கம் இருக்கட்டும், அதை அவை எப்படிப் பயன்படுத்துகிறது என்பதற்கு மதிப்பெண் போட்டால் இன்னும் குறையும். ஆண்டு மானியக் கோரிக்கைகளைத் துறைசார் நிலைக்குழுக்கள் அதிகாரிகளை அழைத்து விசாரித்து அறிக்கை கொடுக்கின்றன. துணைக் கோரிக்கைகள் வழக்கமாக அந்தக் குழுக்களுக்குப் போவதில்லை. நேராக அவைக்கு வந்து சில மணி நேர விவாதத்தில் முடிந்துவிடும். மக்களவை விதி 216-இன்படி விவாதம் கோரிக்கையில் உள்ள இனங்களைப் பற்றியதாக மட்டும் இருக்க வேண்டும். மூல மானியத்தையோ அதன் பின்னாலுள்ள கொள்கையையோ, குறிப்பிட்ட இனத்தை விளக்கத் தேவையான அளவுக்கு மேல் பேசக் கூடாது. நடப்பது தலைகீழ். விலைவாசி, வேலையில்லாத் திண்டாட்டம், தொகுதிக்கு வராத ரயில் என்று எல்லாம் பேசுவார்கள், அவைத்தலைவரும் பெரும்பாலும் விட்டுவிடுவார். பேசப்படாமல் போவது கோரிக்கைப் புத்தகம் மட்டும்தான். கேட்ட தொகையைக் குறைக்கச் சொல்லும் வெட்டுத் தீர்மானம் கொடுக்கும் உரிமை இங்கேயும் உண்டு. ஒரு ரூபாயாகக் குறைத்தால் கொள்கையை ஏற்கவில்லை என்று பொருள். நூறு ரூபாய் குறைத்தால் ஒரு குறிப்பிட்ட குறையைச் சொல்கிறோம் என்று பொருள். ஒரு லட்ச ரூபாய் அடையாள இனங்களின் மீது இதைப் பயன்படுத்தினால் அமைச்சர் ஒவ்வொன்றுக்கும் விளக்கம் சொல்லவேண்டி வரும்.

நாடாளுமன்றம் கூடாத நேரத்தில் வெள்ளமோ தொற்றுநோயோ வந்தால் எதிர்பாராச் செலவு நிதியிலிருந்து முன்பணம் எடுத்துக்கொள்ளலாம், 267-ஆவது பிரிவு. பிறகு துணைக் கோரிக்கை மூலம் அதை ஈடுகட்ட வேண்டும். மத்திய அரசின் இந்த நிதி வெகுகாலம் 500 கோடியாக இருந்து, 2021-இல் ஒரே தாவலாக 30,000 கோடி ஆனது. அளவு பெருத்தபோது முன்கூட்டியே செலவு செய்துவிட்டு அப்புறம் வந்து கேட்கும் வசதியும் பெருத்தது. இந்த நிதியை ஈடுகட்டும் இனம் புத்தகத்தில் வந்தால், செலவு ஏற்கெனவே நடந்து முடிந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நல்ல வாய்ப்பு கையருகிலேயே இருக்கிறது. சட்டமன்றத்தில் நிதியமைச்சர் வைக்கும் துணை மதிப்பீடுகளும் இதே வம்சம்தான்; அரசியலமைப்பில் 205-ஆவது பிரிவு. புதுப் பணிகளுக்கும் புதுத் துணைப்பணிகளுக்கும் பேரவையின் ஒப்புதலைப் பெறுவது, எதிர்பாராச் செலவு நிதியிலிருந்து வாங்கிய முன்பணத்தை ஈடு செய்வது என்று நோக்கத்தைத் தொடக்கத்திலேயே சொல்லி, பெரிய இனங்களைத் துறை வாரியாகத் தமிழிலேயே அடுக்குகிறது அந்த உரை. முதல்முறை படிப்பவர் இதை எடுத்துப் பழகிவிட்டு மத்திய அரசின் புத்தகத்துக்குப் போவது நல்ல வரிசை. சேமிப்பு எங்கிருந்து என்ற கேள்விக்கு அங்கேயும் பதில் குறைவுதான்.

மார்ச் சுற்றுக்கு என்றே ஒரு கோளாறு உண்டு. அவை வாக்களித்து, மசோதா இரண்டு அவைகளையும் தாண்டி, கையெழுத்தாகும்போது மாதத்தின் கடைசி வாரம் நெருங்கிவிடும். மார்ச் 31-ஆம் தேதி செலவாகாத அனுமதி காலாவதியாகிவிடும். அதே நேரத்தில் கடைசிக் காலாண்டில் பட்ஜெட்டின் 33 சதவீதத்துக்கு மேலும், மார்ச்சில் மட்டும் 15 சதவீதத்துக்கு மேலும் செலவு செய்யாதே என்று நிதி அமைச்சகத்தின் கட்டுப்பாடும் இருக்கிறது. விளைவு, துணைத்தொகையை வாங்கிவிட்டு அதைத் தொடாமலே ஒப்படைப்பது. சில நேரம் இறுதிச் செலவு மூல ஒதுக்கீட்டைக்கூட எட்டியிருக்காது. அப்படிப்பட்ட கோரிக்கைகளைத் தேவையற்றவை என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் (சிஏஜி) தன் அறிக்கைகளில் பட்டியல் போடுகிறார். 100 கோடிக்கு மேல் மிஞ்சவிட்ட மானியங்களுக்கு நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழுவிடம் அமைச்சகம் எழுத்தில் விளக்கம் தரவேண்டும். கோரிக்கைப் புத்தகம் எவ்வளவு சரியாக இருந்தது என்று அறிய இரண்டு ஆண்டு கழித்து வரும் நிதி ஒதுக்கக் கணக்குகளைத் திறப்பதுதான் ஒரே வழி.

அனுமதி வாங்காமலே தாண்டிவிட்டால்? அதற்கும் 115-ஆவது பிரிவிலேயே இடம் இருக்கிறது. மிகைச் செலவுக்கான மானியம். தணிக்கையாளர் கண்டுபிடித்து, பொதுக் கணக்குக் குழு ஆராய்ந்து, அதன் பரிந்துரைக்குப் பிறகு ஆண்டுகள் கழித்து மக்களவையில் வாக்கெடுப்புக்கு வரும். அது தனிப் புத்தகம். துணைக் கோரிக்கையில் தேடாதீர்கள். எந்தப் புத்தகத்திலும் வராத ஒன்றும் இருக்கிறது. வருமான வரியைத் திருப்பித் தரும்போது அரசு கொடுக்கும் வட்டி செலவுதான். ஆனால் அதைச் செலவுக் கோரிக்கையில் காட்டாமல், வசூலான வரியிலிருந்தே கழித்துக்கொண்டு நிகரத்தை மட்டும் கணக்கில் எழுதுகிறார்கள். நாடாளுமன்றத்தின் அனுமதி இல்லாத செலவு என்று தணிக்கை அறிக்கைகள் இதைத் திரும்பத் திரும்பக் குறித்திருக்கின்றன.